தொடை, கவடு, இடுப்பு மூட்டுக் காயங்கள்: ஓய்வு மட்டும் ஏன் போதாது?

2023 ஆசியக் கிண்ணத் தொடரில் இலங்கை அணியின் இரண்டு சுழற்பந்து வீச்சாளர்களைத் தொடைக் காயம் பாதித்தது. வனிந்து ஹசரங்க ஓகஸ்ட் மாத லங்கா பிரீமியர் லீக் (எல்.பி.எல்.) ஆட்டங்களிலேயே காயப்பட்டதால் தொடருக்கே வரவில்லை. மகீஷ் தீக்ஷன செப்டெம்பர் 14இல் பாகிஸ்தானுடன் ஆடும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டார்; இறுதிப் போட்டியில் அவர் இல்லை. ஆனால் நான்கு கிழமைக்குள் தீக்ஷன உலகக் கிண்ணத்தில் பந்து வீசிக்கொண்டிருந்தார். ஹசரங்கவோ தேறிவரும் கட்டத்தில் மறுபடி பின்னடைவு கண்டு, உலகக் கிண்ணத்தையும் தவறவிட்டு, 2024 ஜனவரியில்தான் ஆடுகளத்துக்குத் திரும்பினார். செய்தியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: தொடைத் தசைக் காயம்.

திருகோணமலையில் இந்தக் குழப்பம் தைப்பொங்கல் கழிந்த கையோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கும். மாதக்கணக்கில் வேகமாக ஓடாத கால்கள் ஒரே கிழமையில் 100 மீற்றரை முழு மூச்சில் ஓடும். பாதித் தூரத்தில் ஒரு பிள்ளை தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும். "நரம்பு இழுத்திட்டுது, உருவினாச் சரியாப்போகும்" என்பார் ஒருவர். "ரெண்டு கிழமை அசையாமப் படு" என்பார் இன்னொருவர். மெக்கெய்சர் மைதானத்தில் உதைபந்து ஆடுபவருக்கும், உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பவருக்கும், வீட்டில் வழுக்கி விழுந்த அம்மம்மாவுக்கும்கூட இதே இரண்டு அறிவுரைகள்தான் கிடைக்கின்றன. இந்த நான்கு பேருக்கும் வந்திருப்பது நான்கு வேறு பிரச்சினைகள்.

உள்ளே என்ன இருக்கிறது

இடுப்பு மூட்டு என்பது தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் ஆழமான குழிக்குள் பொருந்தும் இடம். உடம்பின் பாரம் முழுவதும் இதனூடாகத்தான் காலுக்கு இறங்குகிறது. அந்த மூட்டைச் சுற்றியுள்ள தசைகளில் நமக்கு முக்கியமானவை ஐந்து கூட்டம்.

1. முன்தொடைத் தசைகள். நான்கு தசைகள் சேர்ந்து முழங்காலை நீட்டுகின்றன. இவற்றில் ஒன்று இடுப்பு மூட்டையும் தாண்டி மேலே போகிறது. பந்தை ஓங்கி உதைக்கும்போது பெரும்பாலும் காயப்படுவது அதுதான்.

2. பின்தொடைத் தசைகள். கிரிக்கெட் வர்ணனையில் கேட்கும் ஹாம்ஸ்ட்ரிங் இதுதான். மூன்று தசைகள், நாம் உட்காரும்போது நிலத்தில் படும் எலும்பில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே முடிகின்றன.

3. உட்தொடைத் தசைகள். கவட்டெலும்பில் தொடங்கிக் காலை உள்நோக்கி இழுப்பவை. உதைபந்தாட்டக்காரரின் கவட்டு நோவுக்கு மிகப் பொதுவான காரணம் இவைதான்.

4. இடுப்பை மடக்கும் தசை. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து வயிற்றுக்குள்ளால் இறங்கித் தொடையைத் தூக்குவது.

5. பிட்டத் தசைகள். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு ஒருபக்கம் சரியாமல் பிடித்திருப்பவை.

பின்தொடை ஏன் இவ்வளவு அடிக்கடி கிழிகிறது? வேகமாக ஓடும்போது, கால் முன்னால் வீசப்பட்டு நிலத்தைத் தொடப்போகும் அந்தக் கணத்தில், இந்தத் தசை இரு முனையிலும் நீட்டப்படுகிறது. அதே நேரத்தில் முன்னால் பறக்கும் காலுக்கு அதுவே பிரேக்கும் பிடிக்கவேண்டும். நீளும்போதே இறுக வேண்டிய இந்த வேலைதான் தசைக்கு மிகக் கடினமானது. கீழே வரும் சிகிச்சை முழுவதும் இந்த ஒரு விடயத்திலிருந்துதான் பிறக்கிறது; இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நோகிறது, எப்படி வந்தது

நோ இருக்கும் இடமும் அது வந்த விதமும் பாதி விடையைச் சொல்லிவிடும்.

1. ஓடும்போது பின்தொடையில் திடீரென்று "படக்" என்று பிடித்தது. வெளிப்பக்கப் பின்தொடைத் தசையின் கிழிவாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் நாள் பயங்கரமாக நோகும். ஆனால் ஒப்பீட்டளவில் விரைவில் ஆறும். இதற்கு எதிர்மாறானது காலை உயரத் தூக்கும்போதோ, வழுக்கிக் கால் விரியும்போதோ வரும் இழுவைக் காயம். முதல் நாள் லேசாகத் தெரியும், மாதக்கணக்கில் இழுக்கும். நோ உட்காரும் எலும்புக்கு எவ்வளவு கிட்டவோ, அவ்வளவு நாள் கூடும்.

2. உட்தொடையின் மேற்பகுதியில், கவட்டுக்குள் நோ. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, இடையில் ஒருவருடைய மூடிய கைமுட்டியை வைத்து இறுக்கிப் பாருங்கள். அந்த இடத்திலேயே நோகுமானால் உட்தொடைத் தசைதான் பெரும்பாலும் காரணம். இருமும்போதும் தும்மும்போதும் மேலே, அடிவயிற்றின் ஓரத்தில் நோகுமானால் பிரச்சினை கவட்டுக் கால்வாயில், அதாவது அடிவயிற்றுச் சுவரின் கீழோரத்தில் உள்ள ஒடுங்கிய வழியில். அங்கே கட்டி மாதிரிப் புடைத்து, படுத்தால் உள்ளே போனால் அது குடலிறக்கம். பயிற்சியால் தீராது, வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கவட்டு நோவுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்லிவந்த நிலை மாறியது 2014இல்தான். அவ்வருடம் டோஹாவில் கூடிய நிபுணர்கள் இதை உட்தொடை, இடுப்பு மடக்கி, கவட்டுக் கால்வாய், கவட்டெலும்பு என்று நான்காகப் பிரித்து, இடுப்பு மூட்டிலிருந்து வருவதைத் தனியாக வைத்தார்கள். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்திருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

3. கையை விரித்து இடுப்பின் பக்கவாட்டில் பிடித்து "இதுக்குள்ள ஆழமா நோகுது" என்பவர். மூட்டுக்குள்ளேயே பிரச்சினை இருக்கலாம். இளையவர்களில் குழியின் விளிம்புக் குருத்தெலும்பு கிழிந்திருக்கும். மடக்கும்போது "டிக்" என்று சத்தம் வரும். ஐம்பதைத் தாண்டியவர்களில் தேய்மானம். சம்மணம் போட முடியாமை, குந்தும் கழிப்பறை கஷ்டமாதல், தொழுகையில் அமர்ந்து எழ முடியாமை, சப்பாத்து மாட்டக் குனிய முடியாமை என்பன எக்ஸ்ரேக்கு முன்பே வரும் அடையாளங்கள்.

4. இடுப்பின் வெளிப்பக்கத்தில், துருத்தி நிற்கும் எலும்பின் மேல் நோ. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம். பாயில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது, படியேறினால் நோகும். பிட்டத் தசையின் நார் நலிவடைந்திருப்பதே பெரும்பாலும் காரணம். பிள்ளையை ஒரே இடுப்பில் தூக்கி, அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும் பழக்கம் அந்த நாரை எலும்போடு நசுக்குகிறது. முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துப் படுப்பதும், பாரத்தைப் பக்கம் மாற்றித் தூக்குவதும் சிகிச்சையின் முதல் பகுதி.

5. முன்தொடையில் மற்றவருடைய முழங்கால் இடித்தது. இது கிழிவு அல்ல, நசிவு. இதற்கென்று தனி விதி உண்டு, கீழே வருகிறது.

வீட்டில் வைத்திருக்கக் கூடாதவை

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் வாசிக்கவேண்டும்.

1. விழுந்த முதியவர். கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்த்தி நிற்கவைக்க வேண்டாம், இழுத்துவிட வேண்டாம். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். சத்திரசிகிச்சை முதல் இரண்டு நாளுக்குள் நடப்பது நல்லது. படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரல் சளி, இரத்தக் கட்டி, படுக்கைப் புண் என்ற ஆபத்துகளைக் கூட்டுகிறது. சிலருக்கு முறிந்த எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்பதால் நடக்கக்கூட முடியும். "நடக்கிறாதானே" என்று விட்டுவிடக்கூடாது.

2. நொண்டும் பிள்ளை. 10 முதல் 16 வயதுக்குள், தொடை எலும்பின் தலை வளர்தட்டில் (எலும்பு வளரும் இடத்தில்) வழுகிவிடும் ஒரு நோய் உண்டு, உடல் பருத்த பிள்ளைகளில் கூடுதலாக. நோ பலவேளை முழங்காலில்தான் தெரியும்! முழங்காலுக்கு எண்ணெய் பூசிப் பல கிழமை கடத்தினால் மூட்டு நிரந்தரமாகக் கெடலாம். முழங்கால் நோ என்று நொண்டி வரும் பிள்ளையின் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

3. பையனுக்குத் திடீர்க் கவட்டு நோ, வாந்தி. விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விதையைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணித்தியாலம்தான் இருக்கிறது. வெட்கத்தில் பிள்ளை "தொடை நோகுது" என்றுதான் சொல்லும். தகப்பனோ அண்ணனோ நேராகக் கேட்கவேண்டும்.

4. காய்ச்சலோடு இடுப்பு மூட்டு நோ. மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம். இதோடு ஒரு எச்சரிக்கை: காய்ச்சலும் உடம்பு நோவும் சேர்ந்திருக்கும்போது டைக்குளோபெனாக், இபுபுரூபன் எடுக்கவேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் இதை மறக்கக்கூடாது. பனடோல் மட்டும், சரியான அளவில்.

5. பதின்ம வயதினர் ஓடும்போது "படக்" சத்தம். இந்த வயதில் தசையைவிட அது பிடித்திருக்கும் வளரும் எலும்பு பலவீனம். தசை கிழியாமல் எலும்புத் துண்டே பிய்ந்து வரலாம். எக்ஸ்ரே தேவை.

"எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை"

எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. தசை அதில் தெரியாது. ஆகவே "ஒன்றுமில்லை" என்பதன் பொருள் எலும்பு முறியவில்லை என்பதே. தசை கிழியவில்லை என்பதல்ல. முதியவர்களில் இடம்விட்டு விலகாத முறிவு முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதும் உண்டு. நோ குறையவில்லையென்றால், காலில் பாரம் போட முடியவில்லையென்றால், மறுபடி போகவேண்டும். மறுபக்கத்தில், சாதாரணத் தசைக் கிழிவுக்கு எம்.ஆர்.ஐ. தேடிக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. கைதேர்ந்த வைத்தியரோ இயன்மருத்துவரோ தொட்டு, இழுத்து, எதிர்த்துப் பிடித்துப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். அவரவர் இரத்தத்தை எடுத்துச் சுத்திகரித்து ஏற்றும் பிளாஸ்மா ஊசியும் அப்படித்தான்: பின்தொடைக் காயத்துக்கு அது வெறும் உப்புநீர் ஊசியைவிட விரைவாகக் குணமாக்கவில்லை என்று 2014இல் நெதர்லாந்து ஆய்வு காட்டிவிட்டது.

முதல் மூன்று நாள்

கிழிந்த தசைக்குள் இரத்தம் கசிகிறது. இந்த நாட்களின் வேலை அந்தக் கசிவைக் குறைப்பதுதான். மீள்தன்மைப் பட்டித்துணியால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். காலை உயர்த்தி வையுங்கள். நோ தணிய, துணியில் சுற்றிய ஐஸை 10–15 நிமிடம் வைக்கலாம். ஐஸும் முழு ஓய்வும் என்ற விதியை 1978இல் பிரபலமாக்கிய அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கினே பிற்காலத்தில் அதைத் திருத்தி, இரண்டும் ஆறுவதைத் தாமதிக்கலாம் என்று எழுதினார். ஆகவே ஐஸை நோவுக்கான மருந்தாக மட்டும் பாருங்கள்.

செய்யக்கூடாதவை: எண்ணெய் போட்டு உருவுவது, சுடுஒத்தடம், சாராயம் குடிப்பது, இழுத்து நீட்டிப் பார்ப்பது. உருவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இந்த மண்ணில் முறிவு வைத்தியத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் நீண்ட வேர் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. ஆகவே இங்கே கேட்கவேண்டியது எந்த மருத்துவம் என்பதல்ல, எந்த நாள் என்பது. பழைய இறுக்கத்துக்கு மெல்லிய எண்ணெய்த் தடவல் இதம் தரும். புதிதாக இரத்தம் கசியும் தசையைக் கட்டைவிரலால் அழுத்தி உருவினால் கசிவு கூடும். முன்தொடை நசிவில் இது இன்னும் மோசம்: கட்டிய இரத்தம் எலும்பாக மாறிவிடக்கூடும். அப்படியானால் முழங்கால் மாதக்கணக்கில் மடங்காது.

அந்த நசிவுக்கான தனி விதி இதுதான். இடித்த உடனேயே முழங்காலை நோ தாங்கும் அளவுக்கு, ஏறக்குறைய 120 பாகை, மடித்துப் பட்டித்துணியால் கட்டி முதல் 24 மணித்தியாலம் அப்படியே வைத்திருப்பது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி மாணவர்களுக்கு இப்படிச் செய்ததில் சராசரியாக மூன்றரை நாளில் விளையாட்டுக்குத் திரும்பினார்கள். கால் நீட்டிய நிலையில் விறைத்துப்போவதை இது தடுக்கிறது. தொடை கல்லாக இறுகி, நோ ஏறிக்கொண்டே போனால் மட்டும் கட்டை அவிழ்த்து வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஓய்வெடுத்தும் ஏன் திரும்பத் திரும்பக் கிழிகிறது

கிழிந்த இடத்தில் உடம்பு முதலில் ஒரு தழும்பைப் போடுகிறது. பிறகு அதன் ஊடாகத் தசைநார்கள் வளர்கின்றன. கயிறு திரிக்கும்போது இழுவை கொடுத்தால்தான் புரிகள் ஒரே வாட்டத்தில் அமையும். தழும்பும் அப்படித்தான்: அளவான பாரம் கிடைத்தால் நார்கள் இழுவிசையின் திசையில் அடுக்குகின்றன, கிடைக்காவிட்டால் தாறுமாறாகக் கிடக்கின்றன. இதற்கிடையில் நல்ல தசையும் வற்றுகிறது. ஆரோக்கியமான இளைஞரின் காலை ஐந்தே நாள் அசையாமல் கட்டிவைத்ததில் முன்தொடையின் பலம் ஏறக்குறைய 9 வீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு காட்டியது.

ஆக, மூன்று கிழமை படுத்திருந்தவருக்கு நோ போயிருக்கும். தசை முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். நோ இல்லையென்று முழு வேகத்தில் ஓடுவார். பின்தொடைக் காயம் 12 முதல் 33 வீதமானோருக்குத் திரும்ப வருகிறது என்று ஆய்வுகள் சொல்வதற்கும், விளையாட்டுக்குத் திரும்பிய முதல் இரண்டு கிழமை மிக ஆபத்தானது என்பதற்கும் காரணம் இதுதான்.

இதை மூன்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன.

1. டென்மார்க், 2017: தொடை அல்லது கெண்டைக்கால் தசை கிழிந்த 50 விளையாட்டுக்காரர்கள். பாதிப் பேருக்குப் பயிற்சி இரண்டாம் நாளே தொடங்கியது, மற்றவர்களுக்கு ஒன்பதாம் நாள். முதல் கூட்டம் 62.5 நாளில் திரும்பியது, மற்றது 83 நாளில். ஒரு கிழமை முந்தித் தொடங்கியதில் ஏறக்குறைய மூன்று கிழமை மிச்சம்.

2. சுவீடன், 2013: பின்தொடை காயப்பட்ட 75 உதைபந்தாட்டக்காரர்கள். தசையை நீட்டிக்கொண்டே பலப்படுத்தும் பயிற்சி செய்தவர்கள் சராசரி 28 நாளில் திரும்பினார்கள். வழக்கமான பயிற்சி செய்தவர்கள் 51 நாளில்.

3. டென்மார்க், 1999: நீண்ட நாள் உட்தொடை நோவுள்ள 68 பேர். மசாஜ், லேசர், மின்தூண்டல் பெற்ற கூட்டத்தில் நோவின்றிப் பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 4 பேர். பலப்படுத்தும் பயிற்சி செய்த கூட்டத்தில் 23 பேர்.

மூன்றாவதை அழுத்திச் சொல்கிறேன். படுத்திருக்க, வேறொருவர் நம் காலுக்கு எதையோ செய்வது சிகிச்சை போலத் தெரியும். ஆற்றுவது நம் தசை செய்யும் வேலைதான்.

படிப்படியாக

ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போவதை நாட்காட்டி தீர்மானிக்கக்கூடாது. பயிற்சியின்போது லேசான நோ பரவாயில்லை. மறுநாள் காலை அது கூடியிருக்கக்கூடாது. கூடினால் ஒரு படி கீழே.

1. நொண்டாமல் நடத்தல். முடியாதவரை ஊன்றுகோல்.
2. அசையாமல் இறுக்குதல். உட்தொடைக்கு: முழங்கால்களுக்கு இடையில் பந்தை வைத்து நசுக்குவது. பின்தொடைக்கு: மல்லாந்து படுத்து, குதிக்காலை நிலத்தில் அழுத்தி இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது.
3. அசைவோடு பலப்படுத்தல். ஒற்றைக் கால் இடுப்புத் தூக்கல், பக்கவாட்டு நடை, அரைக் குந்தல்.
4. நீளும்போதே இறுகும் பயிற்சி. ஒன்று, முழங்காலில் நின்று, துணையாள் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னால் சரிப்பது. இதற்கு நோர்டிக் என்று பெயர். இன்னொன்று, பக்கவாட்டில் படுத்து, மேற்காலைத் துணையாள் தாங்க, கீழ்க்காலையும் உடம்பையும் அதோடு சேர்த்து உயர்த்துவது; இது கோப்பன்ஹேகன்.
5. ஓட்டம்: மெதுவாக, பிறகு முக்கால் வேகம், பிறகு திரும்புதலும் நிறுத்துதலும், கடைசியாக முழு வேகம்.

திரும்பலாமா என்று முடிவெடுக்க நான்கு கேள்விகள். கால் மற்றக் காலளவுக்கு மடங்கி நீள்கிறதா? பலத்தில் வித்தியாசம் பத்து வீதத்துக்குள் இருக்கிறதா? முழு வேகத்தில் பல தடவை நோவில்லாமல் ஓட முடிகிறதா? குழுவோடு முழுப் பயிற்சிகள் முடித்தாயிற்றா? நான்காவதைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள்.

கடலும் மணலும்

திருகோணமலையில் வாழ்பவருக்கு இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சைக்கூடம் கடல். இடுப்பளவு தண்ணீரில் காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய பாதியாகும், நெஞ்சளவில் மூன்றிலொன்றாகும். நிலத்தில் நொண்டுபவர் தண்ணீரில் நேராக நடப்பார். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை உப்புவெளி, நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், தனியாக இறங்காமல், இரண்டாம் மூன்றாம் படிகளை அங்கே செய்யலாம். வாடைக்காற்றுக் காலத்தில் வேண்டாம்.

மணல் வேறு கதை. மென்மையாக இருப்பதால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த மணலில் ஓட, கெட்டி நிலத்தில் ஓடுவதைப் போல 1.6 மடங்கு சக்தி செலவாகும். பாதம் புதைந்து வழுகும்போது உட்தொடையும் பிட்டத் தசையும் ஓயாமல் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். நீரோர ஈரமணல் கெட்டியானது, ஆனால் கடலை நோக்கிச் சரிந்தது: ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். கவட்டுக் காயத்திலிருந்து மீள்பவர் ஓட்டத்தைச் சமதரையில் தொடங்கி, மணலைக் கடைசிக்கு விடவேண்டும். கரைவலை இழுப்பவருக்கு இந்தத் தெரிவு இல்லை. அவருக்குச் சொல்லக்கூடியது: முதல் கிழமைகளில் கயிறு சுருட்டுவது, மீன் பிரிப்பது போன்ற வேலையைக் கேட்டு எடுப்பது, இழுக்கத் திரும்பும்போது முன்னங்காலை அடிக்கடி மாற்றுவது.

அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்

நோர்டிக் பயிற்சி பின்தொடைக் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. கோப்பன்ஹேகன் பயிற்சியைப் பருவம் முழுவதும் செய்த நோர்வே உதைபந்தாட்டக் குழுக்களில் கவட்டுப் பிரச்சினைகள் 41 வீதம் குறைந்தன. இரண்டுக்கும் உபகரணம் வேண்டாம், மைதானமும் வேண்டாம்; ஒரு பாயும் ஒரு துணையாளும் போதும். மழையில் மைதானம் சேறாகிக் கிடக்கும் கார்த்திகை, மார்கழியில் பாடசாலை மண்டபத்துக்குள்ளேயே செய்யலாம். விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் இதை ஒரு பருவம் முயன்று பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தொடக்கத்தில் கிழமைக்கு ஒரு தடவை, இரண்டு சுற்று, சுற்றுக்கு மூன்று முதல் ஐந்து முறை. இரண்டு மூன்று கிழமை கழித்துக் கிழமைக்கு இரண்டு தடவையாக்கி, எண்ணிக்கையை மெல்லக் கூட்டுங்கள். முதல் இரண்டு நாள் தொடை நன்றாக நோகும். அது புது வேலைக்கான நோ, காயமல்ல. ஓட்டப் பயிற்சி முடிந்த பிறகு செய்விக்கவேண்டும், முன்னால் அல்ல. போட்டி நடக்கும் கிழமையில் புதிதாகத் தொடங்க வேண்டாம்.